பிள்ளை இன்று ஓடியதா?

வேலை முடிந்து வீடு திரும்பும் தகப்பனார் தம் குழந்தையிடம் இரண்டு கேள்விகள் கேட்பது வழக்கம். "அங்கன்வாடியில் என்ன சாப்பிட்டாய்?" என்பது ஒன்று. "என்ன எழுதினாய்?" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் மூன்றாவதாகக் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நம்மில் பெரும்பாலோர் கேட்பதில்லை. "இன்று ஓடினாயா, குதித்தாயா, எதன் மீதாவது ஏறி இறங்கினாயா?" என்பதே அந்தக் கேள்வி.

இந்தக் கேள்வியை எல்லோரையும் விட அவசியமாகக் கேட்க வேண்டியவர்கள் அந்தமானில் வாழும் தமிழர்கள். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட தலைநகரில், டெய்ரி ஃபார்ம் ஒரு குடியிருப்புப் பகுதி. பெயரில்தான் பால் பண்ணை. இன்று அது வீடுகளும் கடைகளும் நிறைந்த நகரப் பகுதி. துறைமுகத்திலும், அரசு அலுவலகங்களிலும், கட்டட வேலைகளிலும், கடைகளிலும் உழைக்கும் குடும்பங்கள் வாழும் ஊர் இது. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் வாழ்ந்த 3,80,581 பேரில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 சதவீதம்.

இங்கே கணவனும் மனைவியும் வேலைக்குப் போனால், சொந்த ஊரில் இருப்பது போல் பிள்ளையைப் பார்த்துக் கொள்ளப் பாட்டி இல்லை, அத்தை இல்லை. அவர்கள் கடலுக்கு அப்பால், சென்னைத் துறைமுகத்திலிருந்து மூன்று நாள் கப்பல் தூரத்தில் இருக்கிறார்கள். ஆகவே, பிள்ளையின் பகல் பொழுது அங்கன்வாடியிலோ, குழந்தைகள் காப்பகத்திலோ, தனியார் நர்சரிப் பள்ளியிலோதான் கழிகிறது.

ஐந்து மணிக்கே இருட்டு

"பகலில் விளையாடாவிட்டால் என்ன? மாலையில் வீட்டுக்கு வந்து விளையாடிக் கொள்ளட்டுமே" என்று சிலர் கேட்கலாம். தாய்நாட்டுக் கரையில் இது நடக்கக்கூடும். தீவில் சூரியன் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தமானின் தலைநகரோ ஏறத்தாழ 92.7 பாகையில் இருக்கிறது. கடிகாரம் ஒன்றுதான் என்றாலும், சூரியன் சுமார் 40 நிமிஷம் முந்திக்கொண்டு உதித்து, முந்திக்கொண்டே மறைகிறது. டிசம்பர் மாதத்தில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். அலுவலகம் முடிந்து தகப்பனார் வீட்டுப் படி ஏறும்போது விளக்கேற்றியாகிவிட்டது. அதற்குமேல் பிள்ளையை எங்கே ஓட விடுவது?

இருட்டு போதாதென்று மழை வேறு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் இடம் இது. மே மாதத்தில் தொடங்கும் மழை டிசம்பர் வரை விட்டு விட்டுப் பெய்கிறது. ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நகரமோ மேடும் பள்ளமுமானது. சமதளமான திடல் கிடைப்பது அரிது. சரிவான சாலையில் வண்டிகள் வந்து திரும்பும் இடத்தில் சிறு பிள்ளைகளை விளையாட விட முடியாது.

ஆகவே கணக்கு எளிது. குழந்தைகள் மையத்தில் அந்தப் பிள்ளை ஓடி விளையாடாவிட்டால், அன்று முழுதும் அது ஓடவே இல்லை என்றுதான் பொருள்.

பெயரிலேயே முற்றம் இருக்கிறது

அங்கன்வாடி என்ற சொல்லை நாம் தினமும் சொல்கிறோம். அதன் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. 'ஆங்கன்' என்றால் முற்றம். வீட்டு முற்றத்தைப் போன்ற இடத்தில் குழந்தைகள் கூடி வளர்வதற்கான ஏற்பாடு என்பதே பெயரின் கருத்து. மராட்டியப் பகுதியில் போர்டியிலும், பின்னர் கோஸ்பாட் மலையிலும், ஆதிவாசிக் குழந்தைகளுக்காகப் பள்ளி நடத்திய தாராபாய் மோடக் அம்மையாரும் அவருடைய துணைவர் அனுதாய் வாக் அம்மையாரும் இந்த முறையை வளர்த்தார்கள். குழந்தை பள்ளிக்கு வரவில்லையென்றால் பள்ளியே குழந்தை இருக்கும் முற்றத்துக்குப் போகட்டும் என்பது அவர்கள் கண்ட வழி.

தமிழர்கள் பெருமைப்படத்தக்க ஒரு பெயரும் இந்த வரலாற்றில் உண்டு. பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகளின் வளர்ச்சி பற்றி ஆராய மத்திய கல்வி ஆலோசனை வாரியம் அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் மீனா சுவாமிநாதன். விவசாய விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனின் துணைவியார், எழுத்தாளர் கிருத்திகாவின் மகள். 1972-ல் அக்குழு அளித்த அறிக்கை, 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு வழிகாட்டிகளில் ஒன்றாயிற்று. சிறு குழந்தைகளுக்கான விளையாட்டுகள் பற்றி ஆசிரியைகளுக்கென்றே கைநூல் எழுதியவர் இந்த அம்மையார். 2022-ல் சென்னையில் காலமானார்.

அந்தத் திட்டம் இன்று நாடெங்கும் ஏறக்குறைய 14 லட்சம் அங்கன்வாடிகளாக விரிந்திருக்கிறது. அந்தமான் நிகோபாரில் நிர்வாகத்தின் சமூக நலத் துறை இவற்றை நடத்துகிறது. சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவமனைக்கு அனுப்புதல், முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்குச் சத்துணவு பற்றிய அறிவுரை என்று ஆறு சேவைகள். விளையாட்டு இதில் தனிச் சேவையாக இல்லை. முன்பருவக் கல்விக்குள் அடங்கியிருக்கிறது. உணவுக்கு அளவு உண்டு. எடைக்கு அட்டவணை உண்டு. ஊசிக்குத் தேதி உண்டு. பிள்ளை எத்தனை நிமிஷம் ஓடியது என்பதற்கு மட்டும் பதிவேடு இல்லை. கணக்கில் வராத காரியம் மெல்ல மெல்லக் கைவிடப்படுவது உலக இயல்பு.

எவ்வளவு நேரம் வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்று ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரு வயது முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளை ஒரு நாளில் குறைந்தது 180 நிமிஷமாவது உடலை அசைத்துப் பழக வேண்டும் என்கிறது அது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த மூன்று மணி நேரத்தில் 60 நிமிஷமாவது மூச்சு வாங்கும்படியான ஓட்டமும் ஆட்டமுமாக இருக்க வேண்டும். ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி உட்கார வைக்கக் கூடாது. இரண்டு வயதுக்கு முன் தொலைக்காட்சி, கைபேசி வேண்டாம். அதற்குமேல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் இருக்கட்டும் என்றும் சொல்கிறது.

மூன்று மணி நேரமா என்று மலைக்க வேண்டாம். நடப்பது, குனிந்து பொறுக்குவது, பொம்மை வண்டி இழுப்பது எல்லாம் இதில் சேரும். ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. ஜப்பானியக் கல்வி அமைச்சு 2012-ல் சிறு குழந்தைகள் தினமும் 60 நிமிஷத்துக்கு மேல் உடலை அசைத்து விளையாட வேண்டும் என்று விதிமுறை வகுத்தது. பின்லாந்து 2016-ல் எட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு மூன்று மணி நேரம் என்று சொன்னது. நம்மவர்கள் பலர் வாழும் சிங்கப்பூரில் 2022-ல் வந்த வழிகாட்டுதலும் நடக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கு 180 நிமிஷத்தையே சொல்கிறது. பனி கொட்டும் நாட்டில் முடிவது மழை கொட்டும் தீவிலும் முடியாமற் போகாது.

நம் முன்னோர் அறிந்ததே

வெளிநாட்டு அறிக்கை என்று இதை ஒதுக்குவோரும் உண்டு. அவர்கள் பிள்ளைத்தமிழை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடுவது அந்த இலக்கியத்தின் மரபு. ஐந்தாம் மாதத்துக்குரிய செங்கீரைப் பருவம் என்பது என்ன? ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது. கைக்குழந்தையைத் தினமும் அரை மணி நேரமாவது குப்புறப் படுக்க வைத்துப் பழக்குங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதைத்தானே?

சப்பாணிப் பருவத்தில் கை கொட்டுதல். வருகைப் பருவத்தில் தளர்நடை. பிறகு ஆண் பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்குதல், சிறுதேர் உருட்டுதல். பெண் பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, நீராடல், ஊசல். பத்துப் பருவங்களில் பெரும்பாலானவை கையும் காலும் அசைகிற பருவங்கள். நம் வீடுகளில் இருந்த நடைவண்டியும் ஊஞ்சலும் இந்த அறிவின் மிச்சங்களே.

எழுதும் கைக்கு ஏறும் கை

"விளையாட்டில் நேரம் போனால் படிப்பு என்னாவது?" என்பது பெற்றோரின் பெரிய கவலை. குமாஸ்தா வேலையால் குடும்பத்தை உயர்த்தியவர்களுக்கு எழுத்தின் மீது இருக்கும் பற்று புரிந்துகொள்ளத் தக்கதே. ஆனால் மூன்று வயதுப் பிள்ளையின் விரல்கள் பென்சில் பிடிக்க இன்னும் தயாராகவில்லை. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் உரம் பெற்ற பிறகுதான் விரல்கள் சொன்னபடி கேட்கும். அந்த உரத்தை ஏறுவதும், தொங்குவதும், பந்து எறிவதும், களிமண் பிசைவதும் தருகின்றன. நேராக உட்கார்ந்து பாடம் கேட்க முதுகுக்கு வலு வேண்டும். அந்த வலு உட்கார்ந்தே இருப்பதால் வருவதில்லை.

அரசாங்கமும் இதே கருத்துக்கு வந்திருக்கிறது. 2022-ல் வந்த அடிப்படை நிலைக்கான தேசியப் பாடத்திட்ட வரைவு, விளையாட்டு வழியே கல்வி என்பதை அடிப்படையாகக் கொண்டது. 2023 மே மாதம் 'போஷண் பி, படாயி பி' என்ற இயக்கம் தொடங்கியது; சத்துணவோடு படிப்பும் என்பது அதன் பொருள். 2024-ல் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு 'ஆதார்ஷிலா' என்ற பாடத்திட்டமும், மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கு 'நவசேதனா' என்ற வழிமுறையும் வெளியாயின. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்ட நூலுக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்றே பெயர் வைத்தார்கள். காகிதத்தில் விளையாட்டுக்கு இடம் கிடைத்துவிட்டது. தரையில் இடம் கிடைக்க வேண்டியதுதான் பாக்கி.

உடல்நலக் கணக்கும் இதையே வற்புறுத்துகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதே சமயம் எடை மிகுந்த குழந்தைகளின் பங்கு முந்திய ஆய்வில் இருந்த 2.1 சதவீதத்திலிருந்து 3.4 ஆக உயர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை மிகுந்தவர்கள் என்று அதே ஆய்வு கூறுகிறது. இளைத்த பிள்ளைக்கும் பருத்த பிள்ளைக்கும் உணவோடு அசைவும் வேண்டும். மிகவும் மெலிந்த குழந்தைக்கு மட்டும் முதலில் டாக்டரின் யோசனை அவசியம்.

விளையாட்டுக்கு மொழி வேண்டாம்

அந்தமானில் இன்னொரு சிறப்பு உண்டு. இங்குள்ள குழந்தைகள் மையங்களில் ஒரே பாயில் வங்காளிப் பிள்ளையும், தெலுங்குப் பிள்ளையும், ராஞ்சியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளையும், நம் பிள்ளையும் உட்காருவது உண்டு. பொதுமொழி ஹிந்தி. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த மூன்று வயதுப் பிள்ளை முதல் நாள் அங்கே போனதும், டீச்சர் சொல்வது விளங்காமல் மூலையில் ஒதுங்கிவிடுகிறது. "இந்தப் பிள்ளை மந்தம்" என்ற தவறான எண்ணம் அதன் மீது விழுவதற்கு அதிக நாள் ஆகாது.

அதே பிள்ளையைக் கண்ணாமூச்சியில் சேர்த்துவிட்டுப் பாருங்கள். ஓடு என்பதற்கும் நில் என்பதற்கும் அகராதி வேண்டியதில்லை. பந்தை எறிந்தால் பிடிக்க வேண்டும் என்பதை எந்த மொழியிலும் சொல்லித்தர வேண்டாம். ஒரு வாரத்தில் அந்தப் பிள்ளை பத்து ஹிந்திச் சொற்களோடும் இரண்டு சிநேகிதர்களோடும் வீடு திரும்பும். பாடத்தில் பின்தங்கிய பிள்ளை ஆட்டத்தில் முந்தி வரலாம். முந்தி வந்த தைரியம் மறுநாள் பாடத்துக்கும் உதவும். வெளி மாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் தமிழர்கள் எல்லோரும், பம்பாயிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் உட்பட, சிந்திக்க வேண்டிய விஷயம் இது.

தடை எங்கே?

இத்தனை நன்மை இருந்தும் ஏன் நடப்பதில்லை? குறையை முழுவதும் அங்கன்வாடிப் பணியாளர் தலையில் கட்டுவது நியாயமாகாது. எடை பார்த்தல், வீடு வீடாகச் செல்லுதல், கர்ப்பிணிகளின் கணக்கு, 2021 முதல் கைபேசியில் பதிவு என்று அவர்கள் கை ஓயாத வேலை. 2018 அக்டோபரில் மத்திய அரசு உயர்த்தியளித்த மாத மதிப்பூதியமே பணியாளருக்கு 4,500 ரூபாயும் உதவியாளருக்கு 2,250 ரூபாயும்தான். அதன்மேல் மாநிலமோ யூனியன் பிரதேசமோ தருவது தனி. இவ்வளவையும் தாங்கும் ஓர் அம்மையார், இருபது பிள்ளைகளை வெளியே ஓட விட்டு, ஒன்று விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டால், மறுநாள் காலை வாசலில் வந்து சண்டை போடுபவர்கள் யார்? நாம்தாம்.

இடமும் ஒரு தடை. அங்கன்வாடிக் கட்டடம் 600 சதுர அடியாவது இருக்க வேண்டும், விளையாட இடமும் வேண்டும் என்பது திட்டத்தின் விதி. நகரப் பகுதியில் வாடகை அறைகளில் இதை எதிர்பார்ப்பது கடினம். இப்போது அங்கன்வாடிகளை மேம்படுத்தும் திட்டத்தில் பெரிய திரைகளும் வருகின்றன. திரை நல்ல படம் காட்டலாம். ஆனால் மழை நாளில் பிள்ளைகளை அதன் முன் உட்கார வைத்துவிட்டால், ஓடும் நேரத்தைத் திரை தின்றுவிடும்.

மழை நாளுக்கும் வழி உண்டு

காலையில் நான்கு மணி நேரம் நடக்கும் மையம் ஒன்றில் 60 நிமிஷத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? வந்தவுடன் 15 நிமிஷம் யானை நடை, தவளைக் குதி, நண்டு நடை. பாடங்களுக்கு நடுவே 10 நிமிஷம் கையும் காலும் அசையப் பாட்டு. சாப்பாட்டுக்கு முன் 20 நிமிஷம் வெளியே ஓட்டம், பந்து, கண்ணாமூச்சி. வீடு திரும்பும் முன் 15 நிமிஷம் பிள்ளைகள் இஷ்டப்படி ஆட்டம். கணக்கு சரியாகிவிட்டது.

மழை பிடித்துக்கொண்டால் அறைக்குள்ளேயே செய்யலாம். பாய்களைச் சுருட்டி ஓரமாக வைத்தால் பாதி அறை கிடைக்கும். சாக்குக்கட்டியால் தரையில் கோடு போட்டு அதன் மீதே நடக்கச் சொல்வது, பாண்டிக் கட்டத்தில் தாவுவது, கயிற்றுக்கு அடியில் ஊர்வது, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து ரயில் வண்டி ஓட்டுவது, பழைய துணியில் சுற்றிய பந்தைக் கூடையில் எறிவது எல்லாவற்றுக்கும் பத்தடிச் சதுரம் போதும். தீவில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. இரண்டு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துக் கயிறு கட்டினால், ஐந்து வயதுப் பிள்ளை அதன் மீது நின்று நடந்து பழகச் செலவில்லாத சாதனம் ஆகிவிடும்.

முன்னெச்சரிக்கைகளும் வேண்டும். தென்னை மரத்தடியில் விளையாட விடக் கூடாது. மூடாத சாக்கடை அருகில் தடுப்பு வேண்டும். மழைக்காலத்தில் பாயையும் மூலையையும் உதறிப் பூரான் இல்லை என்று பார்த்த பிறகே பிள்ளைகளை இறக்க வேண்டும். தேங்கிய நீரைக் கொட்டிவிட வேண்டும். கால் ஊனமுற்ற பிள்ளையையும் ஓரத்தில் உட்கார்த்தி வைக்காமல், பந்து உருட்டவும் தாளம் போடவும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நடைமுறை ஒன்றை 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்டிருப்பதும் இதற்காகவே.

காப்பகம் வைப்பவர் கடமை

நாள் முழுதும் வேலை பார்க்கும் தாய்மாருக்கு நான்கு மணி நேர மையம் போதாது. 1969-ல் டில்லியில் கட்டட வேலை நடந்த இடத்திலேயே தொழிலாளர் குழந்தைகளுக்குக் காப்பகம் திறந்தார் மீரா மகாதேவன். மொபைல் கிரெஷ் என்ற அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் வந்த சட்டத் திருத்தம் சொன்னது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த விதி இடம் பெற்றது. 2022 முதல் 'பால்னா' திட்டத்தின் கீழ் அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களும் வரத் தொடங்கின. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை நாளுக்கு ஏழரை மணி நேரம் பார்த்துக்கொள்வது அவற்றின் ஏற்பாடு. ஏழரை மணி நேரம் பிள்ளையை வைத்திருக்கும் இடம், தொட்டிலும் தட்டும் மட்டும் வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிட முடியாது.

பெற்றோர் செய்யக்கூடியது

டெய்ரி ஃபார்ம் பெற்றோர் பெரிய போராட்டம் ஒன்றும் நடத்த வேண்டியதில்லை. மாதாந்தரப் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவை மட்டும் அனுப்பாமல் அப்பாவும் போகட்டும். "தினமும் ஒரு மணி நேரம் பிள்ளைகளை விளையாட விடுங்கள், சிராய்ப்பு ஏற்பட்டால் நாங்கள் சண்டைக்கு வர மாட்டோம்" என்று டீச்சரிடம் வாய்விட்டுச் சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் சேர்ந்தால் வாசலைச் சமன் செய்து, வேலி கட்டி, பழைய டயர் இரண்டைப் புதைத்துவிடலாம். மையத்துக்கு இடமே இல்லையென்றால், பக்கத்துப் பள்ளித் திடலையோ சமூகக் கூடத்தையோ காலையில் அரை மணி நேரம் பயன்படுத்த அனுமதி கேட்டுச் சமூக நலத் துறைக்கு எல்லா மொழிக்காரரும் கையெழுத்திட்டு ஒரு விண்ணப்பம் அனுப்பலாம். தீவில் விடியல் சீக்கிரம் வருகிறது. காலை வெயில் ஏறும் முன் பிள்ளையைத் தூக்காமல், வண்டியில் ஏற்றாமல், மையம் வரை கை பிடித்து நடத்திச் செல்வதும் அன்றைய கணக்கில் சேரும்.

கடல் கடந்து வந்து நாம் உழைப்பது பிள்ளைகள் நம்மைவிட நன்றாக வாழ வேண்டும் என்பதற்காகத்தான். நன்றாக வாழ நல்ல உடல் வேண்டும்; அது ஐந்து வயதுக்குள் அஸ்திவாரம் போடப்படுகிற கட்டடம். சோறு போட்டார்களா, எழுத்து சொல்லிக் கொடுத்தார்களா என்று தவறாமல் கேட்கும் நாம், பிள்ளை இன்று ஓடியதா என்றும் சேர்த்துக் கேட்கத் தொடங்குவோம். தினமும் கேட்கப்படும் கேள்விக்கு ஒரு நாள் பதில் வந்தே தீரும்.